பதினேழாவது ஸ்டெப்

அந்த ஃபைலுக்குள்ள இருக்கிறது எங்க காலேஜ் புக்குதான அக்கா? அட்டையில நீலக் கண்ணாடி வச்ச கட்டடம் தெரியுது, அதான் கேட்டேன். பிள்ளைய சேத்துட்டு வர்றீங்களா? ஓ, இன்னும் சேக்கல, சும்மா பாத்துட்டு வர்றீங்க. முன் சீட்ல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, அதான் பொண்ணா? லட்சணமா இருக்கு. என்ன குரூப் கேக்குது? சிவிலா!

சிரிக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நானும் சிவில்தான். பேரு அமுதவல்லி. அந்தக் காலேஜ்ல பத்தொம்பது வருஷமா அசிஸ்டன்ட் புரொபசர். அந்தப் புக்க இப்பிடிக் குடுங்க. இங்க பாருங்க, மேப்பிங் லேப்னு போட்டிருக்கா, கம்ப்யூட்டர் பக்கத்துல வெளிர் பச்சைச் சேலையில நிக்கிறது நான்தான். அப்ப கொஞ்சம் ஒல்லியா இருந்தேன். புக்குலேர்ந்து போட்டோவ எடுக்க மறந்துட்டாங்க. லேப என்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க.

ஆமாக்கா, எடுத்துட்டாங்க. பன்னெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வளத்த லேபு. இப்ப சாவி யாரோ புதுசா வந்த ஒருத்தர்கிட்ட இருக்கு, பிஎச்டி முடிச்சவராம். நான் முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்குப் பென்சில் சீவுறதுலேர்ந்து டிராயிங் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் ஒரு பொண்ணால. நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல. உள்ளதச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, பஸ் வத்தலக்குண்டு போய்ச்சேர இன்னும் நேரம் இருக்கு.

மேப்பிங் லேப்னா என்னன்னா, போன்ல மேப்பு பாக்குறோம்ல, அந்த மாதிரி மேப்ப நாமளே உருவாக்குற சாஃப்ட்வேர். எந்தத் தெருவுல குடிதண்ணிக் குழாய் போகுது, எந்தக் கம்மாயில எவ்வளவு தண்ணி நிக்கும், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரையலாம். காலேஜ்ல அத ஆரம்பிக்கணும்னு வந்தப்ப, மெட்ராஸ்ல ஒரு வாரம் ட்ரெயினிங்குக்கு யாரு போறீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. பால்குடி மறக்காத பிள்ளைய எங்க நாத்தனார்கிட்ட விட்டுட்டு நான் போனேன். அங்க குடுத்த நோட்ஸ வச்சு, திரும்பி வந்து மேனுவல் எழுதினேன். பதினாறு ஸ்டெப். இத அமுக்கு, அத அமுக்கு, இந்தக் கட்டத்துல இந்த நம்பரப் போடு, ஓகே குடு. மேனுவல் கையில இருந்தா மூளைய வீட்ல வச்சுட்டு வரலாம், அவ்வளவு தெளிவு.

வருஷா வருஷம் பிள்ளைங்க ஃபீட்பேக் குடுப்பாங்க. வாத்தியார் எப்பிடி, லேபு எப்பிடின்னு பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரைக்கும் போடலாம். கீழ ஒரு கட்டம், அதுல என்ன வேணா எழுதலாம், பேரு தெரியாது. மத்த ஸ்டாஃப் எல்லாம் அத வாங்கி மேசைக்குள்ள போட்டுருவாங்க. நான் அப்பிடி இல்லக்கா. எழுத்து பொடிசா இருக்குன்னாங்க, பெருசாக்கினேன். மத்தியானம் வெயில் ஸ்க்ரீன்ல அடிக்குதுன்னாங்க, என் பழைய ரெண்டு சேலையக் கிழிச்சு ஜன்னலுக்குத் தச்சுப் போட்டேன். நாற்காலி கிரீச்சுனு கத்துதுன்னாங்க, நானே தேங்காண்ணெய் கொண்டுபோய் ஊத்தினேன். செருப்பு போட்டுக்கிட்டு உள்ள வர விடுங்கன்னாங்க, அதுக்கு மட்டும் முடியாதுன்னுட்டேன், தூசி உள்ள போயிருச்சுன்னா கம்ப்யூட்டர் என்னத்துக்கு ஆகும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு ஃபீட்பேக் வந்துச்சு. எப்பப் பாத்தாலும் மெட்ராஸ் மேப்பையே வச்சு செய்யச் சொல்றீங்க, நம்ம காலேஜ வச்சு செஞ்சா என்னன்னு. நல்ல யோசனைதான? உடனே எடுத்துக்கிட்டேன். கையில பிடிக்கிற ஜிபிஎஸ் மெஷின் நாலு வாங்க வச்சேன். பிள்ளைங்க அதத் தூக்கிக்கிட்டு கேட்டு, கேன்டீன், ஹாஸ்டல், பஸ் நிக்கிற இடம்னு சுத்தி வருவாங்க. ஒவ்வொரு மூலைக்கும் மெஷின் மீட்டர் கணக்குல ரெண்டு நம்பர் காட்டும், அதக் குறிச்சுக்கிட்டு வந்து சாஃப்ட்வேர்ல ஏத்தினா காலேஜோட மேப்பு வரும். ஹெச்ஓடி தவமணி சார் அத ரிப்போர்ட்லயே ஏத்தினார். மாணவர் கருத்தின்படி மேம்படுத்தப்பட்ட ஆய்வகம்னு. அந்த வரிய நான் வீட்ல படிச்சுக் காட்டினேன்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். நம்பர ஏத்தி ஓகே குடுத்தா, காலேஜ் கடலுக்குள்ள போய் விழுந்துச்சு.

நெசமாத்தான்க்கா. இலங்கையையும் தாண்டி, அந்தப் பக்கம் நடுக்கடல்ல எங்க ஹாஸ்டலும் கேன்டீனும் மெதக்குது. நான் பயந்துரல. ஜிபிஎஸ்னா கொஞ்சம் எரர் இருக்கத்தான செய்யும், சேட்டிலைட் எங்கயோ மேல சுத்துது. மேனுவல்ல ஒரு ஸ்டெப் கூடுதலா சேத்தேன். பதினேழாவது ஸ்டெப்: 'வரைபடத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்துக் கல்லூரி இருக்குமிடத்தில் பொருத்தவும்.' பிள்ளைங்களும் கடல்ல இருந்து பிடிச்சு இழுத்து, வத்தலக்குண்டு ரோட்டுக்குக் கொண்டாந்து, கேட்டு மேல கேட்டு வர்ற மாதிரி வச்சு, ரெக்கார்டுல ஒட்டிருவாங்க. அஞ்சு வருஷம் ஒருத்தரும் மூச்சு விடல. சிரிச்சுக்கிட்டே இழுப்பாங்க, அவ்வளவுதான்.

ஆறாவது வருஷம் வந்தா அந்தப் பொண்ணு. நாகஜோதின்னு பேரு. நிலக்கோட்டைல இருந்து வருவா, அவங்க அப்பா அங்க பூ மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். நல்லாப் படிப்பா, இல்லைங்கல. ஆனா எதச் சொன்னாலும் ஏன்னு கேக்குற பொண்ணு. லேப்ல எல்லாரும் இழுத்துக்கிட்டு இருக்காங்க, இவ மட்டும் எந்திரிச்சு வர்றா.

"மேடம், இத இழுக்க வேண்டாம் மேடம். எட்டாவது ஸ்டெப்ல நாம போடுற ஸோன்..."

"மேனுவல்ல என்ன போட்டிருக்கு?"

"அதான் மேடம், மேனுவல்ல போட்டிருக்கிறது வந்து..."

"மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதச் செய். மேனுவல் எழுதின எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவ போய் உக்காந்துட்டா. இதுல நான் சொன்னது தப்பாக்கா? அறுபத்திநாலு பேரு இருக்குற லேப்ல ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி செஞ்சா நான் எப்பிடித் திருத்துறது? அடுத்த வாரம் ரெக்கார்டு வந்துச்சு. இவளோட மேப்பு சரியாத்தான் இருக்கு, காலேஜ் காலேஜ் இருக்குற இடத்துல இருக்கு. ஆனா எழுதினதப் பாத்தா பதினேழாவது ஸ்டெப்பையே காணோம். இழுக்கவே இல்லையாம். இழுக்காம எப்பிடி வரும்? நெட்ல இருந்து எடுத்து ஒட்டிருக்கான்னு முடிவு பண்ணினேன். ஏழு மார்க் கொறச்சு அம்பதுக்கு நாப்பத்திமூணு போட்டேன். வேற ஒருத்தியா இருந்தா இன்னும் கொறச்சிருப்பேன்.

அந்த வருஷம் எனக்கு நேரமே சரியில்ல. முந்தின ஃபீட்பேக்ல சராசரி மூணு புள்ளி நாலு வந்திருந்துச்சு. செருப்பு விஷயத்துல கடுப்பான கோஷ்டி பாத்த வேலை. தவமணி சார் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னார். "அமுதா மேடம், மேல இருந்து ஆர்டர். இந்தத் தடவ நாலுக்கு மேல வரலைன்னா லேப வேற ஆளுக்கு மாத்திருவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலக்கா. அந்த லேப விட்டா எனக்கு அங்க என்ன இருக்கு? என்கூட சேந்தவங்க எல்லாம் பிஎச்டி முடிச்சு மேல போயிட்டாங்க. எனக்கு இருந்தது அந்த ஒரு ரூமு, முப்பத்திரெண்டு கம்ப்யூட்டர், கதவுல என் பேரு.

அதனால ஃபீட்பேக் போடுற அன்னைக்கு கிளாசுக்குப் போயி வெளிப்படையாவே கேட்டேன். "மக்களே, எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுருங்க. நாலு போட்டாக்கூட சராசரி இறங்கிரும். இது என் வேலை சம்பந்தப்பட்டது. ஏதாவது குறை இருந்தா நேர்ல வந்து என்கிட்ட சொல்லுங்க, நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. போட்டாங்க.

நாலு புள்ளி ஆறு வந்துச்சு. டிபார்ட்மெண்ட்லயே நான்தான் ஃபர்ஸ்ட்.

அத்தோட விட்டிருக்கலாம். விட முடியலக்கா. கீழ கட்டத்துல 'சூப்பர் மேடம்', 'நன்றி மேடம்'னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு, நடுவுல ஒண்ணு, ஒரே வரி. '44 இல்ல, 43. காலேஜ் கடல்ல கெடக்கு.'

எப்பிடி இருக்கும் எனக்கு? அறுபத்திமூணு பேரு நல்லது சொன்னது ஒண்ணும் மனசுல நிக்கல, இந்த ஒரு வரிதான் சோத்துல கல்லு மாதிரி நெருடிக்கிட்டே கெடந்துச்சு. கடல்ல கெடக்குன்னு நக்கல் வேற. சரி, இந்த நாப்பத்திநாலு, நாப்பத்திமூணு என்னன்னு யோசிச்சேன். நம்ம வாத்தியார் புத்தி எங்க போகும்? மார்க் ரிஜிஸ்டர எடுத்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் விரல வச்சுப் பாத்தேன். நாப்பத்தஞ்சு இருக்கு, நாப்பத்தேழு இருக்கு. நாப்பத்திமூணு வாங்கினது ஒரே ஒரு ஆளு. நாகஜோதி.

நாப்பத்திநாலு கூட வரல, நாப்பத்திமூணு போட்டுட்டாங்கன்னு ஒரு மார்க்குக்கு அழுதிருக்கா. கடல் கதைய ஆரம்பிச்சதும் அவதான். ரெண்டும் பொருந்துதுல்ல? நீங்களா இருந்தாலும் அப்பிடித்தான நெனச்சிருப்பீங்க?

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். மத்த மேடமெல்லாம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

"இத எழுதினது நீதான?"

பாத்தா. "நான் எழுதல மேடம்."

"நாப்பத்திமூணு வாங்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்புறம் என்ன?"

"மேடம், அது மார்க் இல்ல மேடம். அது வந்து..."

"மார்க் இல்லாம? எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா? நேர்ல வந்து சொல்லுங்கன்னு கெஞ்சினேன்ல? முதுகுக்குப் பின்னால குத்துற பழக்கத்த எங்க கத்துக்கிட்ட?"

அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஆனா மன்னிப்பு கேக்கல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. செஞ்சது தப்புன்னா மன்னிப்பு கேளு. செய்யலைன்னாலும், பெரியவங்க இவ்வளவு வருத்தப்படுறாங்களேன்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ? நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா, போ அப்பிடின்னதும் போயிட்டா.

நாலாம் வருஷம் ஆரம்பத்துல பெங்களூர்ல இருந்து மேப்பு போடுற கம்பெனி ஒண்ணு கேம்பஸுக்கு வந்துச்சு. எங்க மாதிரி காலேஜுக்கு அதெல்லாம் குதிரைக்கொம்பு. அவங்க எல்லாரையும் பாக்க மாட்டாங்க, லேப் பொறுப்புல இருக்கிறவங்க ரெண்டு பேரு எழுதிக் குடுக்கணும், அந்த ரெண்டு பேருக்குத்தான் இன்டர்வியூ. கையெழுத்து என்னோடது. நான் கிஷோர்னு ஒரு பையனையும், திவ்யபாரதின்னு ஒரு பொண்ணையும் எழுதினேன். கிஷோர் நல்ல பையன், எப்பப் பாத்தாலும் சிரிச்ச மொகம், மேடம் மேடம்னு பின்னாலயே வருவான்.

நாகஜோதி வந்து கேட்டா, என் பேரு இல்லையா மேடம்னு. அட்டிட்யூட் சரியில்லம்மா, கம்பெனிக்காரங்க அதத்தான் முதல்ல பாப்பாங்கன்னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்க அப்பா வந்தார். வேட்டியில பூவோட ஈரம் காயல, மார்க்கெட்ல இருந்து அப்பிடியே பஸ் ஏறிருக்கார். கையில பெரிய பொட்டலம், மல்லிகப்பூ.

"அம்மா, பிள்ள ஏதும் தப்பாப் பேசிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. நான் காலுல விழுகச் சொல்றேன். இந்த வேல ஒண்ணு கெடச்சிருச்சுன்னா நான் மூட்டைய இறக்கி வச்சிருவேன்மா. இடுப்பு விட்டுப்போச்சு."

ஐயா, லிஸ்ட் போயிருச்சு, இனிமே மாத்த முடியாதுன்னு சொன்னேன். போகலதான், என் மேசைலதான் இருந்துச்சு. ஆனா அப்பா வந்து கேட்டார்னு மாத்தினா அது என்ன நியாயம்? அப்புறம் எல்லாரும் அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துர மாட்டாங்களா? பூவ வேண்டாம்னு சொன்னேன், வச்சுட்டுப் போயிட்டார். பிரிச்சு எல்லா ஸ்டாஃபுக்கும் குடுத்தேன். நான் மட்டும் வச்சுக்கல.

இப்ப வருது பாருங்க. பிப்ரவரி மாசம் இன்ஸ்பெக்‌ஷன். வெளியூர்ல இருந்து கமிட்டி வந்து ஒவ்வொரு லேபாப் பாப்பாங்க. நல்லாச் செய்யுற ஒரு பிள்ளைய முன்னால உக்கார வைங்கன்னு தவமணி சார் சொன்னார். அவரே நாகஜோதின்னு பேரும் சொல்லிட்டார், எனக்கு இஷ்டமில்ல. முதல் நாள் அவளக் கூப்பிட்டுக் கண்டிச்சுச் சொன்னேன். "மேனுவல்ல உள்ளது உள்ளபடி. ஒரு எழுத்து மாறக்கூடாது. உன் சொந்தப் புத்திய நாளைக்கு மட்டும் காட்டாத." சரிங்க மேடம்னா.

கமிட்டில வந்தது ஒரு கோயம்புத்தூர்க்காரம்மா. கிராப்பு வெட்டி, காட்டன் சேலை. இவ உக்காந்தா. ஒண்ணாம் ஸ்டெப், ரெண்டாம் ஸ்டெப்னு வாயால சொல்லிக்கிட்டே செய்யுறா. எனக்கே பெருமையா இருந்துச்சு, நானே செய்யுற மாதிரி. பதினாறாவது ஸ்டெப்ல ஓகே குடுத்தா, காலேஜ் போய்க் கடல்ல விழுந்துச்சு.

அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாங்க. "ஏனுங் மேடம், உங்க காலேஜ் இலங்கைக்கு அந்தப் பக்கமாப் போயிருச்சுங்களே?"

"ஜிபிஎஸ் எரர் மேடம்"னு நான் சொன்னேன்.

"எரர்னா அஞ்சு மீட்டர், பத்து மீட்டர் இருக்குமுங்க. இது அறுநூத்தம்பது கிலோமீட்டர் இருக்குதுங்களே."

நாகஜோதி குனிஞ்ச தல நிமிராம, "இதுக்குப் பதினேழாவது ஸ்டெப் இருக்குங்க மேடம்"னு சொல்லி, மவுஸப் பிடிச்சுக் கடல்ல இருந்து காலேஜ இழுத்துக்கிட்டு வந்தா. இலங்கைய ஏறிக் கடந்து, ராமநாதபுரம் வழியா, மெதுவா இழுத்துக்கிட்டு வர்றா. தவமணி சார் கைக்குட்டைய எடுத்து மொகத்த மூடிக்கிட்டார்.

"இழுக்காமயே சரியா வர வைக்க முடியாதாம்மா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

அவ திரும்பி என்னயப் பாத்தா. நான் கண்ணக் காட்டினேன், மேனுவல்படியே சொல்லுன்னு. "தெரியாதுங்க மேடம்"னுட்டா.

அப்புறம் அந்தம்மாவே உக்காந்தாங்க. பூமிய ஆரஞ்சுச் சொள மாதிரி அறுபது பாகமாப் பிரிச்சிருக்காங்கல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், அதுதான் ஸோன்; ஒரே மீட்டர் கணக்கு ஒவ்வொரு ஸோன்லயும் வேற எடத்தக் காட்டும். அந்தப் பிரிக்கிற கோடு திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் கிழக்கால போகுது. கோட்டுக்குக் கிழக்க மெட்ராஸ் எல்லாம் நாப்பத்திநாலாம் நம்பரு. மேற்க நம்ம காலேஜ் நாப்பத்திமூணாம் நம்பரு. மெட்ராஸ் நோட்ஸ வச்சு நான் எழுதின மேனுவல்ல நாப்பத்திநாலு. அந்தம்மா அத அழிச்சுட்டு நாப்பத்திமூணுன்னு போட்டு ஓகே குடுத்தாங்க. காலேஜ் தானா வந்து வத்தலக்குண்டு ரோட்டுல உக்காந்துக்கிச்சு.

இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. இந்த ஸோன் பாடத்த வருஷா வருஷம் கிளாஸ்ல நான்தான் நடத்துறேன், ரெண்டு மார்க் கேள்வி அது. கிளாஸ் கிளாசு, லேபு லேபு. அத இதோட சேத்து யாரு யோசிக்கிறா?

எத்தன வருஷமா இப்பிடி இழுக்கறீங்கன்னு கேட்டாங்க. தவமணி சார்தான் ரிப்போர்ட்டப் பாத்து, ஆறு வருஷம்னார். மாணவர் கருத்தின்படி மேம்படுத்தினதுன்னு அதுலயே இருந்துச்சே. மறுவாரம் கதவுல என் பேரக் கழட்டிட்டாங்க.

நாகஜோதிய வராண்டாவுல வச்சுக் கேட்டேன். மனசு எரிஞ்சு கேட்டேன். "உனக்குத்தான் தெரியுமே. தெரியாதுன்னு ஏன்டி சொன்ன? என்னயப் பழி வாங்கினியா?"

அவ அழுகக் கூட இல்ல. "இல்ல மேடம். தெரியும்னு சொன்னதுக்கு மார்க் போச்சு. எழுதாத ஒண்ணுக்குக் கம்பெனியும் போச்சு. இன்னும் ப்ராஜெக்ட் வைவா மார்க் உங்ககிட்டதான் மேடம் இருக்கு. நீங்க என்ன சொன்னீங்களோ அதச் செஞ்சேன்."

பாத்தீங்களா, எவ்வளவு அழுத்தக்காரின்னு? அந்த எடத்துல ஒரு வார்த்த, இப்பிடிப் போட்டா சரியா வரும்னு சொல்லியிருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும். நேர்ல வந்து சொல்லுங்கன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன். ஒருத்தரும் நேர்ல வந்து சொல்றது இல்லக்கா, இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

கிஷோர் மட்டும் வந்து சொன்னான். ஃபேர்வெல் அன்னைக்கு, பெங்களூர் ஆர்டர் கையில வாங்கினப்புறம், போட்டோ எடுத்துக்கலாம் மேடம்னு பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "மேடம், கோவிச்சுக்காதீங்க, அந்த நாப்பத்திமூணு நான் எழுதினது. நாகஜோதிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. நேர்ல சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு கட்டத்துல எழுதினேன்"னு சொல்லிச் சிரிக்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் அவன் சிரிக்கிறதப் பாத்து எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க? உண்மைய ஒத்துக்கிட்டான்ல, அதுக்கே ஒரு தைரியம் வேணும். நல்லா இருடான்னு சொன்னேன்.

அவகிட்ட நான் தப்பா நெனச்சுட்டேன்னு சொன்னியான்னு கேக்குறீங்களா? எப்பிடிச் சொல்றது? அதுக்குள்ள பரீட்ச வந்துருச்சு, அவங்க போயிட்டாங்க. போனப்புறம் போன் பண்ணிச் சொல்ற பழக்கமெல்லாம் நம்மகிட்ட ஏது. வைவாவுல நாப்பத்தெட்டு போட்டேன்க்கா. அதுலயே புரிஞ்சுக்கிட்டிருப்பா.

அவளப் பாத்தேன், அத ஏன் கேக்குறீங்க. போன மாசம் என் நாத்தனார் மக கல்யாணத்துக்குச் சேல எடுக்கத் திண்டுக்கல்லுல ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். பில் போடுற எடத்துல நீலச் சட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறா. அங்க எல்லாம் உக்கார விட மாட்டாங்க போல. என்னயப் பாத்ததும் மொகம் ஒரு மாதிரி ஆச்சு, ஆனா சமாளிச்சுக்கிட்டு "வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா"ன்னா. அப்பா எப்பிடி இருக்காருன்னு கேட்டேன். மார்க்கெட்டுக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்காருன்னு சொன்னா. பையக் குடுத்துட்டு, ஒரு சின்ன ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினா. அஞ்சு ஸ்டார் வரிசையா இருந்துச்சு.

"மேடம், அஞ்சு அமுக்கிருங்க மேடம். நாலு வந்துச்சுன்னா ராத்திரி கட அடைச்சப்புறம் எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சுக் கேப்பாங்க. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவ ஆயிருச்சு, இன்னொண்ணு ஆச்சுன்னா அனுப்பிருவாங்க."

பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா நான் அந்த வரிசையில கால்மணி நேரம் நின்னிருக்கேன்க்கா. மெஷின் மெதுவா, இவளும் ஒவ்வொரு சேலையா நிதானமா வச்சு வச்சு எடுக்குறா. மனசுக்குப் பிடிச்சவங்கன்னு எல்லாத்துக்கும் அஞ்சு அஞ்சுன்னு போட்டா அப்புறம் அது என்ன ஃபீட்பேக்கு? நாலு போட்டேன். நாம உள்ளதச் சொன்னாத்தான அவங்களும் திருந்துவாங்க.